பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்த நண்பன்! எல்லாக் குழந்தைகளும் வரக்கூடிய ‘இயற்கை நடை’யை எப்படி நடத்துவது?

ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார்கள். புளியோதரை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, அந்தாக்ஷரி என்று கலகலப்பாகப் போன பயணம். ஏரி வந்ததும் முண்டியடித்துக்கொண்டு இறங்கினோம். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, தண்ணீருக்குள் நின்ற மரங்களில் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருந்த கூழைக்கடாக்களையும் நாரைகளையும் பார்த்துக் கத்தினோம். ‘உஷ்’ என்று சார் அதட்டினார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் பஸ்ஸில் அதே சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குச் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம். யாராவது கைத்தாங்கலாகப் பிடித்தால்தான் நடப்பான். “நீ பஸ்லயே இருப்பா, கரையில ஏறுறது உனக்குக் கஷ்டம்” என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்கள். அவனும் தலையாட்டினான். எங்களில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

இப்போது தோன்றுகிறது. காரணம், சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நண்பர்களோடு சேர்ந்து குழந்தைகளுக்கான இயற்கை நடை நடத்திவருகிறேன். பூங்கா, ஏரிக்கரை, கடற்கரை என ஏதாவது ஓர் இடம். மரம், பூச்சி, பறவை பார்ப்பது, கேள்வி கேட்பது, படம் வரைவது. அவ்வளவுதான். அதற்கான முதல் போஸ்டரில், ‘அனைத்துக் குழந்தைகளும் வரலாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டோம். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பொய் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துபோனது.

“பரவாயில்லம்மா, இன்னொரு நாள் வர்றோம்!”

போஸ்டரைப் பார்த்து ஓர் அம்மா போன் செய்தார். “என் பையனுக்கு ஒன்பது வயசு. வீல்சேர்லதான் இருப்பான். கூட்டிட்டு வரலாமாம்மா?” என்று கேட்டார். “தாராளமா வாங்கக்கா” என்றேன். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். பையன் தலைசீவி, புதுச்சட்டை போட்டு, மடியில் ஒரு நோட்டும் வைத்திருந்தான்.

பூங்கா வாசலில், மாடும் பைக்கும் நுழையாமல் இருப்பதற்காக வளைத்து வைத்திருந்த இரும்புக் கம்பிக்குள் வீல்சேர் நுழையவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய கேட்டின் சாவியை வைத்திருப்பவர் எட்டு மணிக்குத்தான் வருவாராம். “தூக்கிட்டுப் போயிடலாம்” என்றார் எங்கள் நண்பர் ஒருவர். அந்தப் பையன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதை அவன் விரும்பவில்லை என்பது எங்களுக்கே புரிந்தது. “பரவாயில்லம்மா, இன்னொரு நாள் வர்றோம்” என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே கிளம்பிவிட்டார்கள்.

உள்ளே போய் மற்ற குழந்தைகளுக்கு மரங்கொத்தியைக் காட்டினோம். எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. நானும் ஒரு குழந்தையைப் பஸ்ஸிலேயே உட்காரவைத்துவிட்டேன்!

அடுத்த இரண்டு ஞாயிறும் நடை நடத்தவில்லை. சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள், பெற்றோர்கள் என ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினோம். அங்கே கற்றதையும், அதன் பிறகு தப்புத் தப்பாகச் செய்து திருத்திக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்கள், அப்பார்ட்மென்ட் சங்கத்தினர், தெருக் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நட்சத்திரம் காட்டும் மாமாக்கள், அத்தைகள் என யாருக்கு வேண்டுமானாலும் இது பயன்படலாம். குழந்தைகளின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

சலுகை இல்லை, உரிமை!

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாற்றுத்திறன் உள்ள குழந்தையை வெளியே அழைத்துப்போவது நாம் பெரிய மனசு பண்ணிச் செய்யும் உதவி கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது அங்கீகரிக்கிறது. அரசு நடத்தும் பள்ளிகளும், அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளைப் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்ற குழந்தைகளுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. சுற்றுலாவையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். அப்போது கணக்கெடுத்தது 8 வகைகளை மட்டுமே. உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒரு குழந்தை இருக்கும். வெளியே பார்க்க முடியவில்லை என்றால், வெளியே வர வழியில்லை என்று அர்த்தம்.

குழந்தைகளுக்கு முன்னால் நாம் போய்ப் பார்க்க வேண்டும்

எங்களுக்குக் கிடைத்த முதல் அறிவுரை இதுதான்: ‘ஒரு வீல்சேரை வாடகைக்கு எடுங்கள். உங்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து அந்தப் பாதை முழுக்கப் போய்வாருங்கள்.’

போனோம். ஐந்து வருடங்களாக வாக்கிங் போகும் பூங்கா அது. அன்றைக்குத்தான் அங்கே எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணினோம். அரையடி உயரக் கல், வேர் தூக்கிவிட்ட நடைபாதை, சரளைக்கல் கொட்டிய வளைவு. நடக்கிறவர் கண்ணில் படாததெல்லாம் சக்கரத்துக்குச் சுவராக நிற்கிறது. நெருஞ்சி முள் செருப்பில் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிடுவோம். காற்றடைத்த வீல்சேர் டயரில் குத்தினால் பஞ்சர்தான்.

கையில் ஒரு டேப் எடுத்துப் போங்கள். வழி குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுவதும் கஷ்டம், இறக்குவது ஆபத்து. எல்லாவற்றையும்விட முக்கியம் கழிப்பறை. வீல்சேர் உள்ளே போகிற, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் இருக்கிற ஒரு கழிப்பறை பக்கத்தில் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ‘போற இடத்துல பாத்ரூம் இருக்காது’ என்று முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் குழந்தைகளுக்கும் இதே கவலைதான்.

சென்னையைப் பொறுத்தவரை வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் நகரத்தின் நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. அதை ஒட்டியே சிறுவர் பூங்கா. ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்த பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைக்கு அருகே போவதற்காக 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. ஆகவே, ‘அங்கே சாய்தளம் இருக்கு’ என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். முந்தின வாரம் நீங்களே ஒருமுறை நேரில் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் கேட்டு வாருங்கள். இது என் சொந்த அனுபவம்!

போஸ்டரில் என்ன எழுத வேண்டும்?

‘அனைவரும் வரலாம்’ என்ற வரியைத் தூக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக இப்படி எழுதுகிறோம்: ‘மொத்தத் தூரம் 400 மீட்டர். சிமென்ட் பாதை. படிகள் இல்லை. வாசலுக்கு அருகே வீல்சேர் போகும் கழிப்பறை உண்டு. நடுவில் மூன்று இடங்களில் நிழலில் உட்காரலாம். காலை 6.30 முதல் 8.15 வரை. பாதியில் கிளம்பினாலும் தப்பில்லை.’ தங்கள் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று பெற்றோர் முடிவெடுக்க இந்தத் தகவல்கள் போதும்.

இன்னொரு பிழையையும் போஸ்டரில்தான் செய்திருந்தோம். ‘ஷூ கட்டாயம்; பைனாகுலர் இருந்தால் கொண்டுவரவும்; காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு வரவும்’ என்று போட்டிருந்தோம். பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை. இப்போது, ‘செருப்பு போதும். கருவிகள் நாங்கள் தருவோம். காலையில் இட்லி உண்டு’ என்று போடுகிறோம். கட்டணம் இல்லை. அதன் பிறகு மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். கடற்கரை நடை அன்று, கரையில் கிடந்த ஒவ்வொரு சங்குக்கும் நண்டுக்கும் அவர்கள் பெயர் சொல்ல, நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். பைனாகுலரோடு வந்த பிள்ளைகள் அவர்கள் பின்னாலேயே சுற்றினார்கள்.

பெயர் கொடுக்கும்போது, ‘உங்கள் குழந்தைக்கு என்ன குறை?’ என்று கேட்பதில்லை. ‘நன்றாகக் கலந்துகொள்ள நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று எல்லாப் பெற்றோரிடமும் ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். பிடித்தது என்ன, பயப்படுவது எதற்கு, எப்படிப் பேசுவார், சாப்பிடும் மருந்து, அலர்ஜி, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே படிவத்தில் இருக்கும். ‘நாய் என்றால் பயம்’ என்று எழுதுகிற அம்மாவும், ‘திடீர்ச் சத்தம் வந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான்’ என்று எழுதுகிற அம்மாவும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

உள்ளங்கையில் ஒரு சிட்டுக்குருவி!

‘அதோ பார், அந்தக் கிளையில!’ என்பதுதான் இயற்கை நடையில் அதிகம் கேட்கிற வாக்கியம். பார்வையில்லாத குழந்தைக்கு அதில் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு பத்து வயதுச் சிறுமி வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதன் பிறகு ஒரு பை தயார் செய்தோம். ஒரு சிட்டுக்குருவியின் எடை ஏறக்குறைய 25 கிராம். அந்த அளவுக்கு அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து வைத்தோம். காகத்துக்குச் சுமார் 300 கிராம், அதற்கொரு முடிச்சு. கூழைக்கடா சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல் வரும். அதற்கு ஒரு கயிறு; இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறுமி 25 கிராம் முடிச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இவ்ளோதானாக்கா?” என்றாள். பக்கத்தில் நின்ற, கண் நன்றாகத் தெரியும் பிள்ளைகளும் போட்டிபோட்டு அதை வாங்கிப் பார்த்தார்கள். குருவியைத் தினமும் பார்த்தவர்கள்தான்; எடை தெரிந்தது அன்றைக்குத்தான்.

தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் நம் ஊர் மரங்களில் எவ்வளவோ இருக்கின்றன. வேம்பின் பட்டை வெடிப்பு வெடிப்பாக இருக்கும். கொய்யாவின் தண்டு வழவழவென்று இருக்கும். பூவரசு இலையை விரலால் சுற்றிவந்தால் அரசிலையின் வடிவம் மனதில் பதியும். நொச்சி, துளசி, வேப்பிலை மூன்றையும் கசக்கிக் கொடுத்து, எது எது என்று கேட்கலாம். தரையில் கிடக்கும் மகிழம்பூ, நாகலிங்கப் பூவைக் கையில் கொடுக்கலாம். ஆலம்விழுதைப் பிடித்து, அது மேலிருந்து கீழே வருவதைத் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

காதுக்கும் வேலை இருக்கிறது. ‘கூ... ஊ...’ என்று கூவுவது ஆண் குயில். பெண் குயில் ‘கிக்... கிக்... கிக்’ என்று வேகமாகக் கத்தும். ‘ஊப்... ஊப்...’ என்று அடிவயிற்றிலிருந்து வருவது செம்போத்து. கூட்டமாகச் சண்டைபோடும் சத்தம் கேட்டால் அநேகமாகத் தவிட்டுக்குருவிகள். எல்லோரும் கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டு, எத்தனை சத்தம் என்று விரல்விட்டு எண்ணுகிறோம். அந்த விளையாட்டில் அந்தச் சிறுமியை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

ஒரு வேண்டுகோள்: போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, நிஜப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது பதற்றப்படும். கூடு கட்டும் காலத்தில் கூட்டைவிட்டே வெளியே வந்துவிடும்.

வெயிலைப் பார்த்து நில்லுங்கள்

காது கேளாத குழந்தைகள் வரும்போது நாங்கள் செய்த முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. பேசுகிறவர் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் நிழலில் மறைந்து, உதட்டசைவோ சைகையோ தெரியாது. நடந்துகொண்டே பேசுவதையும் நிறுத்திவிட்டோம். நிற்போம், பார்ப்போம், முகம் பார்த்துப் பேசுவோம், பிறகு நடப்போம்.

இந்திய சைகை மொழிக்கு 2021-ல் வெளியான பதிப்பில் 10,000 சொற்கள் கொண்ட அகராதியே இருக்கிறது; இணையத்தில் வீடியோவாகப் பார்க்கலாம். ஆனாலும் நம் ஊர்ப் பூச்சிகள், பறவைகள் எல்லாவற்றுக்கும் உடனே சைகை கிடைப்பதில்லை. அப்போது குழந்தைகளையே பெயர்வைக்கச் சொல்வோம். அரிவாள் மூக்கனுக்கு, மூக்கிலிருந்து கீழே வளையும் ஒரு விரல். செம்போத்துக்கு, சட்டைக் கையைத் தொட்டு ‘பழுப்புச் சிறகு’. பேசுகிற பிள்ளைகளும் இந்தச் சைகைகளைக் கற்றுக்கொண்டார்கள். பறவையைப் பயமுறுத்தாமல் தகவல் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. வேடந்தாங்கலில் எங்கள் சார் ‘உஷ்’ என்றது நினைவுக்கு வருகிறது!

செவித்துணைக் கருவியோ காக்ளியர் இம்ப்ளான்ட்டோ அணிந்த குழந்தைகள் வந்தால், தண்ணீருக்குப் பக்கத்தில் அதன் வெளிக்கருவியைக் கழற்ற வேண்டுமா என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு சின்ன டப்பா வைத்திருங்கள். கருவியைக் கழற்றினால் அந்தக் குழந்தைக்கு நீங்கள் கூப்பிடுவது கேட்காது என்பதையும் மறக்காதீர்கள்.

“அடுத்து என்ன?”

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய பதற்றம். எனவே, இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்பிவிடுகிறோம். பூங்கா வாசல், வரவேற்கும் அக்கா, முதல் மரம், உட்காரும் இடம், இட்லி, வீட்டுக்குக் கிளம்பும் வாசல். அதே படங்களை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறோம். ஒவ்வொன்றும் முடிந்ததும் குழந்தையே அதைத் திருப்பி வைக்கும். இது அந்தக் குழந்தைகளுக்காகத்தான் செய்தது. இப்போது எல்லாப் பிள்ளைகளும் ‘அடுத்தது என்னக்கா?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்!

ஓர் ஓரமாகப் பாய் விரித்து ‘சும்மா இருக்கும் இடம்’ வைத்திருக்கிறோம். கூட்டமும் சத்தமும் போதும் என்று தோன்றினால் யாரும் அங்கே போய் உட்காரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு சிறுவன் முதல் மூன்று வாரங்கள் அந்தப் பாயைவிட்டு எழவே இல்லை. மண்ணில் போகும் எறும்பு வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ‘பையன் எதிலுமே கலந்துக்க மாட்டேங்கிறான்’ என்று அவனுடைய அப்பா வருத்தப்பட்டார். நான்காவது வாரம் நாங்கள் எல்லோரும் பாயைச் சுற்றி உட்கார்ந்து எறும்பு பார்த்தோம். அன்றைய நடையே அதுதான்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

வெயில்: நம் ஊரில் எட்டரை மணிக்கு மேல் குழந்தைகளோடு வெளியே நிற்காதீர்கள். முதுகுத்தண்டு பாதிப்புள்ள சில குழந்தைகளுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது; உடல் சூடு சட்டென்று ஏறும். தண்ணீர், தொப்பி, ஈரத்துண்டு கட்டாயம். வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்பு சுடும், தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர்: ஏரி, குளம், கடல் பக்கத்தில் போனால், கூட்டத்தைவிட்டு ஓடும் பழக்கமுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் தனியாக இருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள், போட்டோ எடுப்பது உட்பட. நாங்கள் 12 குழந்தைகளுக்கு 6 பெரியவர்கள் என்று வைத்திருக்கிறோம். ஆள் கிடைக்காத வாரம் தண்ணீர் பக்கம் போவதில்லை.

செடிகள்: எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது முதல் விதி. அரளியின் எல்லாப் பாகமும் விஷம். சிவப்பும் கறுப்புமாக ஆசையாக இருக்கும் குன்றிமணி, மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. எதையும் வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தைகள் வருகிறார்கள் என்றால், அந்தச் செடிகள் இல்லாத பாதையாகப் பார்த்துவையுங்கள். தேன்கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

மருந்து: வலிப்பு, ஆஸ்துமா, அலர்ஜிக்கான மருந்து குழந்தையோடு வர வேண்டும். அதை எப்போது, எப்படிக் கொடுப்பது என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். அருகில் இருக்கும் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்துவைத்திருங்கள். 108 எண்ணுக்கு அழைத்தால், எந்த வாசலுக்கு வரச் சொல்ல வேண்டும் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தொடுதல்: வீல்சேரைத் தள்ளும் முன்பு, கையைப் பிடிக்கும் முன்பு, குழந்தையிடம் கேட்க வேண்டும். கழிப்பறை உதவிக்குப் பெற்றோரோ அவர்கள் சொல்லும் நபரோதான் போக வேண்டும். தன்னார்வலர்கள் எந்தக் குழந்தையோடும் தனியாக மறைவான இடத்துக்குப் போகக் கூடாது.

மற்ற குழந்தைகளுக்கு என்ன சொல்வது?

‘பாவம், அவனுக்கு உதவி பண்ணு’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஒருவன் உதவி செய்கிறவன், இன்னொருவன் உதவி வாங்குகிறவன் என்று இரண்டு பிரிவாகிவிடும். எங்கள் நடையில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவர் நேரம் பார்ப்பவர், ஒருவர் சத்தம் எண்ணுபவர், ஒருவர் வரைபவர், ஒருவர் விதை சேகரிப்பவர். வாரம்தோறும் வேலை மாறும். வீல்சேரில் வரும் குழந்தையின் மடியில்தான் விதைத் தட்டு இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை; அவரும் நேரம் பார்க்கலாம்.

‘அவன் ஏன் பேச மாட்டேங்கிறான்?’ என்று ஒரு குழந்தை கேட்டால் அதட்டாதீர்கள். ‘அவன் படம் காட்டிப் பேசுவான், அட்டையைக் கேட்டுப் பார்’ என்று சொன்னால் போதும். குழந்தைகளுக்கு அது போதுமான பதில்.

பெற்றோருக்கும் ஓர் ஓரத்தில் டீயும் நாற்காலியும் போடுங்கள். வாரத்தில் ஒன்றரை மணி நேரம், தன் பிள்ளையை யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாக்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கூடப்பிறந்த அண்ணன், தங்கையும் வரட்டும். வீட்டில் எப்போதும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும் குழந்தைகள் அவர்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

பூங்கா, வண்டி, ஆள் எல்லாம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளி மைதானத்தில் இருக்கும் ஒரே ஒரு மரம் போதும். வாரம் ஒருநாள், இருபது நிமிடம், அதே மரத்தடி. புளிய மரமோ தூங்குமூஞ்சி மரமோ இருந்தால் அதிர்ஷ்டம்தான். மாலையில் அவற்றின் இலைகள் மடிந்து தூங்குவதை நடக்காமலேயே பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வட்டார வள மையங்களில் இருக்கும் சிறப்பு ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்கலாம். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’க்கு 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து பறவைகளை எண்ணினாலே போதும். மொட்டை மாடி, பால்கனி, ஜன்னல் எதுவாகவும் இருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே...

வாசலோடு திரும்பிப்போன அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றரை மாதம் கழித்து அவனுடைய அம்மாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பு கேட்டேன். வேறு பூங்காவின் வாசலையும் பாதையையும் வீடியோவாக எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வரவில்லை. அதில் அவர்மேல் தப்பே இல்லை. எத்தனை வாசல்களில் ஏமாந்திருப்பார்! மூன்றாவது வாரம் வந்தார்கள். பையன் அதே நோட்டைக் கொண்டுவந்திருந்தான். அன்று அவன்தான் நேரம் பார்ப்பவன். எட்டே காலுக்கு எல்லோரையும் அதட்டிக் கிளப்பினான்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன், வேடந்தாங்கல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என் பள்ளித் தோழனைத் தேடிப் பிடித்தேன். இப்போது கணக்காளராக வேலை பார்க்கிறான். “உன்னைப் பத்தி எழுதலாமா?” என்று கேட்டேன். “எழுதிக்கோ. ஆனா, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு எழுதாத” என்றான்.

அன்று பஸ் ஜன்னலுக்கு நேராக ஒரு மின்கம்பி போனதாம். அதில் ஒரு மீன்கொத்தி. முதுகு நீலம், மார்பு வெள்ளை, மூக்கு சிவப்பு. கீழே வயலில் பாய்ந்து எதையோ பிடித்துவந்து, கம்பியில் அடித்து அடித்துச் சாப்பிட்டதாம். மறுபடி பாய்ந்ததாம். எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை வெறும் வாயோடு திரும்பியது என்றுகூட எண்ணியிருக்கிறான். கோபுரத்தில் ஏறிக் கத்திக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட ஒரு பறவையை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

“அப்ப ஏன்டா எங்ககிட்ட சொல்லல?” என்றேன்.

“நீங்க யாரும் கேக்கலையே” என்றான்.

இப்போது எங்கள் நடை முழுவதும் நடையாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் 15 நிமிடம் எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். பிறகு ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்கிறோம், “நீ என்ன பார்த்த?”